மறுபரீட்சையின் சரித்திரம்

கல்கத்தா சர்வகலாசாலை 1858-ஆம் ஆண்டில் தன் முதல் பி.ஏ. பரீட்சையை நடத்தியபோது, அதை எழுதியவர்களுள் விதிப்படி தேறியவர் ஒருவருமில்லை. ஆறு பாடங்களில் ஐந்தில் செவ்வையாக எழுதி, ஆறாவது பாடத்தில் மட்டும் ஏழு மதிப்பெண்ணுக்கு மேற்படாத குறைவினால் தவறிப்போன இருவருக்கு, விசேஷ சலுகையாகப் பட்டம் அளிக்கலாம் என்று அதன் நிர்வாகக் குழு தீர்மானித்தது. அவ்விருவரில் ஒருவர் ஜதுநாத் போஸ். மற்றவர், பிற்காலத்தில் ‘வந்தே மாதரம்’ கீதத்தை இயற்றிய பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயர். வங்காளத்தின் முதல் பட்டதாரிகள் என்று சரித்திரம் கொண்டாடுகின்ற இருவரும் ஒரு பாடத்தில் தவறியவர்கள் என்னும் செய்தியை, மே மாதந்தோறும் தேர்வு முடிவுகள் வெளியாகும் வேளையில், தலைகவிழ்ந்து நிற்கும் பிள்ளைகளிடமும், அவர்களைவிட அதிகமாகத் தலைகவிழ்ந்து நிற்கும் பெற்றோரிடமும் எடுத்துச் சொல்லவேண்டும் என்பது என் நெடுநாளைய எண்ணம்.

ஆயினும், அன்று அவ்விருவருக்கும் கிடைத்தது சலுகையே தவிர உரிமை அன்று. பட்டதாரிகளே இல்லாமல் ஒரு பட்டமளிப்பு விழா நடத்த நேரிடுமோ என்ற சங்கடமும் அந்தத் தாட்சண்யத்துக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அவர்களுக்குப் பின்வந்த லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அத்தகைய சலுகை கிடைக்கவில்லை. சலுகையாக ஒருமுறை கிடைத்த ஒன்று, எல்லோருக்கும் உரிய ஏற்பாடாக மாறுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. அந்த நூற்றாண்டின் கதையைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன்.

1854-இல் சர் சார்லஸ் வுட் அனுப்பிய கல்விக் கடிதத்தின் பயனாக, 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் சர்வகலாசாலைகள் தோன்றின. மூன்றுக்கும் முன்மாதிரியாக அமைந்தது லண்டன் சர்வகலாசாலை. அக்காலத்து லண்டன் சர்வகலாசாலையோ பாடம் சொல்லிக் கொடுக்கும் ஸ்தாபனமாக இன்றி, பரீட்சை வைத்துப் பட்டம் வழங்கும் ஸ்தாபனமாகவே விளங்கியது. ஆகவே, நம் நாட்டிலும் கல்வி என்பது தொடக்கத்திலேயே பரீட்சையின் வாசல் வழியாக நுழைந்தது. சென்னையில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் என்பதும், அவர்களுள் தாமோதரம் பிள்ளை பின்னாளில் ஏட்டுச் சுவடிகளில் மறைந்து கிடந்த தமிழ் நூல்களைப் பதிப்பித்து அழியாப் புகழ் பெற்றார் என்பதும் தமிழுலகம் அறிந்தவை.

பட்டம் சிலருக்கே உரியதாயிருந்தது. நாடெங்கும் குடும்பங்களின் தலையெழுத்தை நிர்ணயித்தது, கல்லூரிக்குள் நுழைவதற்கான மெட்ரிகுலேஷன் பரீட்சைதான். அது கல்லூரியின் வாயிலாக மட்டும் இருந்திருந்தால் அவ்வளவு கொடுமை நேர்ந்திராது. நாளடைவில் கலெக்டர் கச்சேரியிலும், ரயில்வே ஆபீசிலும், வெள்ளைக்காரக் கம்பெனிகளிலும் குமாஸ்தா உத்தியோகத்துக்கு அதுவே தகுதியாகிவிட்டபடியால், காவேரிக் கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் நிலத்தை ஒற்றி வைத்துப் பிள்ளையைப் பட்டணத்துக்குப் படிக்க அனுப்பிய தகப்பனுக்கு, அந்த ஒரு பரீட்சையின் முடிவே குடும்பத்தின் முடிவாகவும் தோன்றியது. அந்தப் பரீட்சையின் விதியோ லண்டனிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது: எல்லாப் பாடங்களிலும் ஒரே தடவையில், ஒருசேரத் தேறவேண்டும். கணிதத்திலும் சரித்திரத்திலும் பூகோளத்திலும் முதல்வனாக நின்று, ஆங்கிலத்தில் நான்கைந்து மதிப்பெண் குறைந்தவன், எல்லாவற்றிலும் தவறியவனாகவே எண்ணப்பட்டான்; மறு வருஷம் எல்லாப் பாடங்களையும் புதிதாக எழுதவேண்டும்; அப்போது ஆங்கிலம் தேறிக் கணிதம் தவறினால், மீண்டும் தொடக்கத்திலிருந்து. இவ்வாறு மூன்று வருஷம், நான்கு வருஷம் என்று எழுதி ஓய்ந்தவர்கள் அந்நாளில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ‘மெட்ரிகுலேஷன் பெயில்’ என்பதையே ஒரு படிப்பாகக் குறிப்பிட்டு வேலைக்கு மனுச் செய்ததும், சம்பந்தம் பேசியதும் அக்காலத்து வழக்கம். அவ்வளவு தூரம் படித்தவன் என்பதற்கு அதுவே அத்தாட்சியாயிற்று.

இந்த விதியின் விளைவை அறிய ஒருவருடைய வாழ்க்கையே போதும். 1903-ஆம் ஆண்டு டிசம்பரில் மெட்ரிகுலேஷன் தேறி, கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உதவித் தொகையுடன் சேர்ந்த சீனிவாச ராமானுஜன், கணிதத்தில் கொண்டிருந்த அளவற்ற ஈடுபாட்டினால் மற்றப் பாடங்களைப் புறக்கணித்து, ஆங்கிலத்தில் தவறினார். உதவித் தொகை பறிபோயிற்று. துணிக்கடைக் குமாஸ்தாவான தகப்பனாருக்கு அந்தக் கல்லூரிச் சம்பளம் எளிய தொகையன்று. 1905-இல் ராமானுஜன் வீட்டை விட்டு விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பதினேழு வயதுப் பிள்ளை அவ்வளவு தூரம் ஓடியதற்குக் காரணம் என்னவாக இருந்திருக்கும் என்பதை, வீட்டில் பெயிலான பிள்ளையை வைத்திருந்த எவரும் யூகித்துக் கொள்வர். பின்னர் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1906-ஆம் ஆண்டு இறுதியில் கல்லூரியின் முதற்கட்டத் தேர்வான எஃப்.ஏ. பரீட்சையை எழுதினார்; உடலியல் முதலான பாடங்கள் அவரைக் கைவிட்டன. மறுவருஷம் தனித் தேர்வராக எழுதினார். அப்போதும் அதே கதி. அந்தப் பரீட்சையைப் பின்பு அவர் எழுதவேயில்லை.

அதற்கு அடுத்து வந்த நான்கு ஆண்டுகள் அவருடைய வாழ்வில் மிகக் கடினமானவை. பட்டமும் இல்லை, உத்தியோகமும் இல்லை. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தும், நண்பர்களின் வீடுகளில் தங்கியும், நோட்டுப் புத்தகங்களில் தம் தேற்றங்களை எழுதிக்கொண்டே காலம் கழித்தார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்த வி. ராமசாமி ஐயர் போன்ற சிலர் அந்த நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து வியந்து, ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் அவரை அனுப்பி வைத்தனர். 1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் தேதி, மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் அவர் குமாஸ்தாவாக அமர்ந்தார். 1913-ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கிருந்து அவர் எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜில் கணித அறிஞர் ஹார்டியின் கைக்குப் போய்ச் சேர்ந்ததும், அதே ஆண்டு மே மாதம் முதல் சென்னைச் சர்வகலாசாலையே மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித் தொகை அளித்ததும் பலரும் அறிந்த வரலாறு. எஃப்.ஏ. தேறாத ஒருவருக்கு அத்தொகையை வழங்குவதற்கு அந்தச் சர்வகலாசாலை தன் சம்பிரதாயத்தைத் தளர்த்த வேண்டியிருந்தது. 1918-இல் அவர் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார்.

ராமானுஜனைக் காட்டி, பரீட்சை வீண் என்று வாதிப்போர் உளர். அந்த அபிப்பிராயம் எனக்கு உடன்பாடன்று. ராமானுஜன் கோடியில் ஒருவர். அவருடைய மேதையைக் கண்டுகொள்ளச் சிலர் வாய்த்தனர். அவரோடு அதே மண்டபத்தில் அமர்ந்து, அதே ஆங்கிலத்தில் தவறி, மேதையும் இல்லாமல், கைதூக்கிவிடுவாரும் இல்லாமல், ஊருக்குத் திரும்பிக் கணக்குப்பிள்ளையாகவும் திண்ணை உபாத்தியாயராகவும் காலத்தைக் கழித்த பிள்ளைகளின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. ஒருசேரத் தேறவேண்டும் என்ற விதியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு அவர்களையே முதலில் எண்ணிப்பார்க்க வேண்டும்.

விதியின் பிறப்பிடமான லண்டனிலேயே அதற்கு இலக்கானவர் ஒருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். பாரிஸ்டர் படிப்புக்காகச் சென்றிருந்த மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி, அத்துடன் லண்டன் மெட்ரிகுலேஷனையும் எழுதுவதென்று துணிந்தார். அதற்கு லத்தீன் கட்டாயம். இந்தியாவில் ஒரு எழுத்துக்கூடப் படித்தறியாத அந்தப் பாஷையை, பிரெஞ்சுடன் சேர்த்து, சில மாதங்களுக்குள் கற்று எழுதினார். மற்றவை கைகொடுத்தும் லத்தீனில் தவறினார். வருத்தமுற்றாலும் தளரவில்லை என்று தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். லத்தீனில் தமக்கு ருசி பிறந்துவிட்டதென்றும், மீண்டும் எழுதுவதால் பிரெஞ்சும் நன்றாக அமையுமென்றும் அவர் மனத்தைத் தேற்றிக்கொண்ட விதம் கவனிக்கத் தக்கது. தவறியது ஒரு பாடமாயினும், எழுதவேண்டியது எல்லாப் பாடங்களையும் என்பதால், விஞ்ஞானத்தில் ரசாயனத்தை விட்டு வெப்பமும் ஒளியும் என்னும் பாடத்தை எடுத்துக்கொண்டார். பரிசோதனைகள் காணாத ரசாயனம் அவருக்குச் சுவைக்கவில்லை.

அம்மட்டோடு அவர் நிற்கவில்லை. அடுத்த பரீட்சைக்குத் தயார் செய்யும்போதே, வீட்டிலிருந்து தமையனார் அனுப்பும் பணத்தை எண்ணி, வாழ்க்கையையே சுருக்கிக்கொண்டார். இரண்டு அறைகளை விட்டு ஓர் அறைக்கு மாறினார். ஒரு சிற்றடுப்பு வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தாமே தயாரித்துக்கொண்டார். பகலில் மட்டும் வெளியே உண்டார். நாளொன்றுக்கு ஒன்றேகால் ஷில்லிங்கில் சாப்பாட்டை முடித்தார். 1890-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எழுதிய பரீட்சையில் தேறினார். ஒரு பாடத்தில் தவறியபின் என்ன செய்வது என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட விளக்கமான விடையை நான் எங்கும் கண்டதில்லை. மறுமுறை பரீட்சைக் கட்டணம் கட்டியதோடு அவர் திருப்தியடையவில்லை; எந்தப் பாடம் தமக்குப் பொருந்தவில்லை, எந்த வழக்கம் படிப்புக்குத் தடையாயிருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து மாற்றினார். லண்டனில் பரீட்சை ஆண்டுக்கு இருமுறை நடந்தது என்பதையும் வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டும். இந்தக் கட்டுரையின் பின்பகுதியில் அது முக்கியமாகும்.

மெட்ரிகுலேஷனின் கொடுமையைச் சர்க்காரும் உணராமலில்லை. கர்ஸான் பிரபுவின் காலத்தில் 1902-இல் நியமிக்கப்பட்ட சர்வகலாசாலைக் கமிஷனும், 1904-ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்படுத்திய விவாதங்களுக்குப் பின், சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்னும் புதிய திட்டம் உருவாயிற்று. இதன் மூல நோக்கம் மிகவும் உயர்ந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். பள்ளியில் மாணவன் வாங்கிய மதிப்பெண்களும் பொதுப் பரீட்சையில் வாங்கிய மதிப்பெண்களும் ஒரே புத்தகத்தில் பதியப்படும்; தேறினான், தவறினான் என்ற முத்திரை அதில் இராது; அதைப் பார்த்து, அவன் எதற்குத் தகுதியானவன் என்பதைக் கல்லூரியோ, வேலை கொடுப்பவரோ தீர்மானித்துக் கொள்ளவேண்டும். அந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பழைய இரும்புப் பெட்டிகளில் இன்னும் பாதுகாத்து வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. தடித்த அட்டை, உள்ளே பெயரும் பிறந்த தேதியும், வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்காலில் ஒரு தழும்பு என்று அங்க அடையாளங்கள், பக்கத்துக்குப் பக்கம் தலைமை ஆசிரியரின் கையொப்பமும் முத்திரையும், பள்ளிக்கூடக் குமாஸ்தாவின் உருண்டையான கையெழுத்தில் மதிப்பெண்கள். மறுபரீட்சை எழுதியவனுடைய புத்தகத்தில் அந்த முயற்சிகளும் வரிசையாக ஏறியிருக்கும்.

நோக்கம் உயர்ந்ததாயினும் உலகம் அதை ஏற்கவில்லை. கல்லூரியில் சேர இன்ன இன்ன பாடத்தில் இவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்று சர்வகலாசாலை வரையறுத்து, தகுதி பெற்றோர் பட்டியலை வெளியிட்டதும், ‘எலிஜிபிள்’ ஆனவனே பாஸானவன், மற்றவன் பெயிலானவன் என்று ஊரார் தாமே தீர்ப்பெழுதிவிட்டனர். சட்டத்தில் இல்லாத தோல்வி சமூகத்தில் நிலைத்தது. பத்திரிகைகள் பெருகிய பிறகு இந்தத் தீர்ப்பு அச்சிலும் ஏறியது. தேறியவர்களின் பதிவெண்கள் மட்டும் பொடி எழுத்தில் பத்தி பத்தியாக வெளியாகும். பதிவெண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, பத்திரிகை ஏஜெண்டின் கடை வாசலில் விடியற்காலையிலேயே கூட்டம் நிற்கும். தன் எண்ணுக்கு முந்திய எண்ணும் பிந்திய எண்ணும் அடுத்தடுத்து இருப்பதைக் கண்டவன், அச்சுப் பிழையாக இருக்குமோ என்று வேறொரு பத்திரிகையை வாங்கிப் பார்ப்பான். எந்தப் பாடத்தில், எத்தனை மதிப்பெண்ணில் தவறினான் என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. மதிப்பெண்கள் பள்ளிக்கு வந்து சேரும்வரை, ஒரு பாடத்தில் இரண்டு மதிப்பெண் குறைந்தவனும் ஐந்து பாடத்திலும் தவறியவனும் ஊரார் கண்ணுக்கு ஒன்றே.

இந்நிலையில்தான் டுடோரியல் காலேஜ்கள் தோன்றி வளர்ந்தன. கல்வியாளர்கள் அவற்றை உயர்வாகப் பேசுவதில்லை. வியாபாரம் என்று ஒதுக்குவர். அவற்றுள் பல வியாபாரமாகவே நடந்தன என்பதும் உண்மைதான். ஆனால் பள்ளிக்கூடம் கதவைச் சாத்திய பிறகு, தவறிய பிள்ளைக்குத் திறந்திருந்த கதவு அநேக ஊர்களில் அது ஒன்றே. பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு மாடி, அல்லது ஒரு கீற்றுக் கொட்டகை, நீண்ட பெஞ்சுகள், பட்டறையில் வேலை செய்யும் இளைஞன், மளிகைக்கடைப் பையன், பள்ளிச் சட்டையை இன்னும் விடாத சிறுவன் எல்லோரும் ஒரே வரிசையில். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர், பத்து வருஷத்து வினாத்தாள்களை மேஜைமேல் அடுக்கி வைத்துக்கொண்டு, எது அடிக்கடி கேட்கப்படுகிறது என்பதைச் சொல்லி, கட்டுரையையும் கடிதத்தையும் நூறு தடவை எழுத வைப்பார். தமிழுக்குத் திருச்சியில் ஐயம்பெருமாள் கோனார் எழுதிய உரைநூல் எல்லோர் கையிலும் இருக்கும். பெரும்பாலோர் தவறியது ஆங்கிலத்திலும் கணக்கிலும். பிற பாடங்களைத் தாய்மொழியிலேயே படித்து எழுதலாம் என்ற நிலை உயர்நிலைப் பள்ளிகளில் வந்த பிறகு, முன்னே எல்லாப் பாடங்களையும் விழுங்கிய ஆங்கிலம் ஒரு பாடத்துக்குள் அடங்கியது. அதுவே பெரிய விடுதலை.

சுதந்திரத்துக்குப் பின், 1952-ஆம் ஆண்டு செப்டம்பரில், இந்திய சர்க்கார் இடைநிலைக் கல்விக் கமிஷன் ஒன்றை நியமித்தது. அதன் தலைவராக அமர்ந்தவர், அப்போது சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். 1953-இல் அக்கமிஷன் அளித்த அறிக்கை பலநோக்குப் பள்ளிகளைப் பற்றியே அதிகமாகப் பேசப்பட்டது. ஆனால் பரீட்சையைப் பற்றிய அத்தியாயத்தில், இறுதிப் பொதுப் பரீட்சையில் பாடவாரியாகத் தேறும் முறை புகுத்தப்பட வேண்டும் என்ற ஒரு பரிந்துரை இருக்கிறது. தேறிய பாடம் தேறியதே; தவறிய பாடத்தை மட்டும் மறுபடி எழுதினால் போதும். ராமானுஜனை இருமுறை வெளியே தள்ளிய அதே சர்வகலாசாலையின் துணைவேந்தர் தலைமையில் இந்தப் பரிந்துரை வெளிவந்தது எனக்கு மனநிறைவு தரும் செய்தி. பரீட்சைச் சீர்திருத்தம் என்று அதற்குப் பின் எழுதப்பட்ட எத்தனையோ ஏடுகளைவிட, இந்த ஒரு வாக்கியம் அதிகக் குடும்பங்களைக் காத்தது என்பது என் துணிபு. மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வடிவில் அது நடைமுறைக்கு வந்தது.

என்றாலும் ஒரு குறை நெடுங்காலம் நீடித்தது. அது காலண்டரின் குறை. மார்ச்சில் பரீட்சை, கோடையில் முடிவு, தவறியவருக்கு மறுபரீட்சை செப்டம்பரில் அல்லது அக்டோபரில். அதன் முடிவு வருவதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்து பாதி வருஷம் போயிருக்கும். எழுதவேண்டியது ஒரு பாடமேயானாலும் இழப்பது முழு வருஷம். அந்த இடைவெளியில்தான் பெரிய சேதம் நேர்ந்தது. பையனைத் தறியிலோ, பட்டறையிலோ, மாமனின் கடையிலோ ‘சும்மா இருக்கும் வரையில்’ என்று சேர்ப்பார்கள். கையில் கூலி வந்த பிறகு அவன் திரும்புவதில்லை. பெண்பிள்ளையின் கதி இன்னும் பரிதாபமானது. ஆறு மாதம் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்; கணக்கில் ஐந்து மதிப்பெண் குறைந்ததற்காகப் படிப்பே முடிந்துபோன பெண்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு தலைமுறைக்கு முன்வரை இருந்தார்கள். லண்டனில் ஆறு மாதத்துக்கொருமுறை பரீட்சை நடந்ததால் காந்தி இழந்தது அரை வருஷம் மட்டுமே. நம் மெட்ரிகுலேஷன் விதியை முதலில் வகுத்தவர்கள் லண்டனிலிருந்து கண்டிப்பை எடுத்துக்கொண்டு, அந்த வசதியை விட்டுவிட்டனர்.

தமிழ்நாட்டில் 1978-இல் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்புக்கு இறங்கி, மேல்நிலை வகுப்புகள் தோன்றி, 1980-ஆம் ஆண்டு மார்ச்சில் முதல் பிளஸ் டூ பரீட்சை நடந்தது. ஒரு வாசல் இருந்த இடத்தில் இரண்டு வாசல்கள் ஆயின. காலண்டரின் குறை நீங்கியது அதற்கும் பின்னர்தான். முடிவு வெளியான சில வாரங்களுக்குள், ஜூன் ஜூலை மாதங்களிலேயே துணைத்தேர்வு நடத்தும் வழக்கம் வந்தபின், பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் தவறியவர் அதே ஆண்டில் பதினோராம் வகுப்பிலும், பிளஸ் டூவில் தவறியவர் அதே ஆண்டில் கல்லூரியிலும் சேர வழி பிறந்தது. 2018-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தபோது, அதில் தவறியவர்கள் வகுப்பை இழக்காமல் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டே அப்பாடத்தை எழுத அனுமதிக்கப்பட்டனர். மதிப்பெண் குறைவாக வந்ததென்று ஐயமிருந்தால் மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம். பிளஸ் டூ மாணவர் விடைத்தாளின் நகலையே கேட்டுப் பெறலாம். பங்கிம் சந்திரருக்கு நிர்வாகக் குழு கூடிச் சலுகையாக அளித்த வாய்ப்பு, இன்று எந்தக் கிராமத்துப் பிள்ளைக்கும் விண்ணப்பத்தின் பேரில் உரியதாயிருக்கிறது.

இவ்வளவு வசதியும் வந்த பின்பும், முடிவு வெளியாகும் நாளில் பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொள்ளும் செய்தியைப் பத்திரிகையில் படிக்க நேர்வது பெருந்துயரம். விதி மாறியது; வீட்டாரின் நாவு மாறவில்லை. அந்த ஒரு நாள், ஒரு மாலைப் பொழுது, ஏச்சும் ஒப்பீடும் இல்லாமல், பிள்ளைக்குச் சோறு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். மறுநாள் பேசிக்கொள்ளலாம்.

துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் அவகாசம் மிகக் குறுகியது, சில நாட்களே. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பாடத்தில் தவறிய பிள்ளை இருந்தால், அந்த நாட்களுக்குள் அவரை, அவர் படித்த பள்ளிக்கே அழைத்துச் சென்று விண்ணப்பத்தைப் பதிவு செய்யுங்கள். அந்தப் பாடத்தின் ஆசிரியரைப் பார்த்து, எந்தப் பகுதியில் மதிப்பெண் போயிற்று என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெண்பிள்ளையானால் மறுபரீட்சை முடியும்வரை வரன் பேச்சை எடுக்காதீர்கள். சந்தேகம் எதுவாயினும் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற தொலைபேசி எண்ணில் கேட்டறியலாம்.